முதிர்ந்த காளானே முழுச் சாட்சி

அம்பாறைக் கரையோரத்தில் மாரி மழை கார்த்திகையில் வலுத்து மாசியில் ஓய்கிறது. கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வயல்களில் பெரும்போக நெல் முற்றும் அந்த நாட்களில், மழையோடு முளைத்த காளான்களும் முதிர்ந்துவிடுகின்றன. முதல் மழைக்கு வெள்ளைக் குடையாக எழுந்தபோது போனை நீட்டிப் படமெடுத்தவர்கள், விளிம்பு கிழிந்து நிறம் மங்கிப் பூச்சி அரித்து நிற்கும் காளானைத் திரும்பியும் பார்ப்பதில்லை. ஆனால் காளானைப் படமெடுப்பதால் அறிவுக்கு ஏதாவது பயன் விளைய வேண்டுமானால், எடுக்க வேண்டிய காலம் இந்தக் கடைப் பருவம்தான். இளங்காளான் மறைத்து வைத்திருப்பதை முதிர்ந்த காளான் வெளியே காட்டிவிடுகிறது.

காளான் என்று நாம் பார்ப்பது ஓர் உயிரின் கனி மட்டுமே. அதன் உடல் மண்ணுக்குள்ளும் உக்கிய மரத்துக்குள்ளும் நுண்ணிய இழைகளாகப் பரந்து கிடக்கிறது. அந்தக் கனி வெளியே தலைகாட்டுவது வித்திகளைப் பரப்புவதற்காக. குடையின் அடியில் ஏடு ஏடாக இருக்கும் செவுள்களில் வித்திகள் விளைந்த பிறகே அந்த இனத்தின் அடையாளங்கள் துலங்கும். உலகின் வெப்பமான நாடுகளில் புல்தரைகளில் பரவலாக முளைக்கும் குளோரோபில்லம் மொலிப்டைட்டிஸ் இதற்கு நல்ல சான்று. குடை வெண்மையாக இருக்கும்; அதன்மேல் கபில நிறச் செதில்கள். இளமையில் செவுளும் வெள்ளைதான், ஆகவே உண்ணத்தக்க காளான் போலவே தோன்றும். வித்தி விளையும்போது செவுள் சாம்பல் கலந்த பச்சையாக மாறுகிறது. உண்டவரைச் சில மணி நேரத்தில் கடும் வாந்தியிலும் வயிற்றோட்டத்திலும் தள்ளும் நஞ்சுக்காளான் இது. அதைக் காட்டிக்கொடுக்கும் பச்சை நிறம் முதல் மழை நாளில் எடுத்த படத்தில் இருக்காது.

நம் வயல்களோடு நெருங்கிய உதாரணமும் உண்டு. நனைந்த வைக்கோற் போரில் வளரும் வைக்கோல் காளான், இளமையில் ஒரு பைக்குள் மூடிய முட்டைபோல் இருக்கும். மேற்கு நாடுகளில் மரணத்தொப்பி எனப்படும் கொடிய அமனிட்டா காளானும் இளமையில் அப்படியே. விரிந்து முதிர்ந்தால் வைக்கோல் காளானின் செவுள் இளஞ்சிவப்பாகும். அமனிட்டாவினது வெள்ளையாகவே நிற்கும், தண்டில் ஒரு வளையமும் இருக்கும். ஆசியாவிலிருந்து அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் குடியேறியவர்களில் சிலர் மரணத்தொப்பியைத் தம் ஊர் வைக்கோல் காளான் என நம்பி உண்டு இறந்திருக்கிறார்கள்.

வாடியதில் அழகு ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மாசி மாதத்துக் காலை வெயில் சரிவாக விழும் நேரத்தில், பட்ட மாங்கிளையில் ஒட்டியிருக்கும் ஸ்கிசோபில்லம் கொம்யூன் என்ற காளானைக் கிட்ட வைத்துப் பாருங்கள். நகமளவு விசிறி, மேலே சாம்பல் வெள்ளைப் பூமயிர். அடியில் ஒவ்வொரு செவுளும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, காயும்போது உட்பக்கமாகச் சுருண்டிருக்கும். ஈரம் பட்டால் சுருள் விரிந்து மறுபடி வித்தி விடும். ஆண்டுக்கணக்கில் உலர்ந்து கிடந்தவைகூட இப்படி உயிர்த்திருக்கின்றன. இந்தச் சுருளைக் காட்டும் படம் அழகானது, அந்த உயிர் வறட்சியைத் தாண்டும் வழியையும் அதுவே சொல்லிவிடுகிறது.

இலங்கையில் காளானைப் பதிந்து வைக்கும் மரபு பழையது. 1849இல் பேராதனைத் தாவரவியல் பூங்காவைப் பொறுப்பேற்ற துவைற்ஸ், உலர்த்திய காளான்களை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே காளான் ஆய்வாளர்களான பெர்க்லியும் புரூமும் 1870களில் அவற்றை விவரித்து எழுதினார்கள். உலர்ந்த காளான் நிறத்தையும் வடிவத்தையும் இழந்துவிடும் என்பதால் பேராதனையில் வண்ண ஓவியங்களும் தீட்டப்பட்டன. பிறகு பேராதனைக்கு வந்த காளான் ஆய்வாளர் பெற்ச் கறையான் புற்றுக் காளான்களை ஆராய்ந்து 1906இல் எழுதினார். 1986இல் பெக்லர் இலங்கைக் காளான்களைத் தனி நூலாகத் தொகுத்தார். அன்று ஓவியர் செய்த வேலையை இன்று போன் கமரா செய்ய முடியும். பேராதனையை மையமாகக் கொண்ட அந்த மரபு அதிகம் எட்டாத பாலையும் வீரையும் நிற்கும் உலர்வலயக் காடுகளுக்கும், தென்னந்தோப்புகளுக்கும், வயலோரங்களுக்கும் அந்தப் பதிவுப் பணியைக் கொண்டுவர முடியும்.

படத்தை வைத்து மட்டும் இனத்தை உறுதிசெய்ய முடியாது என்பார்கள் ஆய்வாளர்கள். அது உண்மை. பல காளான்களைப் பிரித்தறிய நுணுக்குக்காட்டியும் மரபணுச் சோதனையும் வேண்டும். ஆயினும் எந்த இடத்தில், எந்த மாதத்தில், எந்த மரத்தின்மேல் என்ற தகவலைச் சரியான படம் தருகிறது; அது இல்லாத மாதிரி ஆய்வுகூடத்தில்கூட ஊமைதான். சரியான படம் என்பது தனிப்படமல்ல, ஒரு தொகுதி. முழுக் காளானும் அது நிற்கும் மரமோ மண்ணோ தெரிய ஒன்று, மேற்புறம் ஒன்று, அடிப்புறம் ஒன்று, தண்டின் அடி ஒன்று, அளவு தெரியப் பத்து ரூபாக் குத்தியை அருகில் வைத்து ஒன்று. அடிப்புறம் எடுக்கப் பறிக்க வேண்டியதில்லை. போனின் முன்கமரா மேலே பார்க்கும்படி குடையின் கீழே வைத்தால் செவுள் முழுதும் பதியும். செடி கொடியைப் பறிக்கத் தடையுள்ள தேசிய பூங்காக்களில் இதுவே முறையும்கூட.

இந்த மறுப்புகளைவிடப் பாரதூரமான ஓர் அச்சமும் உண்டு. படமெடுக்கப் பழகியவர் படத்தையும், இனத்தைச் சொல்லும் போன் செயலியின் பதிலையும் நம்பி உண்ணத் துணிந்தால் என்ன ஆகும்? இதற்குத் தளர்வில்லாத ஒரே விதி போதும்: படம் அறிவதற்கு மட்டும், உண்பதற்கு அல்ல. செவுளின் நிறம் நஞ்சை எச்சரிக்கலாம், நஞ்சில்லை என்று எந்த நிறமும் உத்தரவாதம் தராது. காட்டுக்குள் போவதும் கட்டாயமல்ல. லாகுகலப் பக்கத்தில் யானைகள் நடமாடும் பற்றைக்குள் தனியே நுழைவதைவிட, வளவில் கிடக்கும் தென்னங்குற்றியும் வைக்கோற் போரும் மழைக்குப் பின் நனைந்த பள்ளிக்கூட வேலியும் தொடங்குவதற்குப் போதுமானவை.

உலகில் ஏறத்தாழ காளான்கள் அடங்கும் பங்கசு இனங்கள் 25 இலட்சம் இருக்கலாம் என்று கியூ தாவரவியல் பூங்கா 2023இல் மதிப்பிட்டது. அவற்றில் பத்தில் ஒன்றுக்கும் குறைவாகவே பெயர் பெற்றுள்ளன. எஞ்சியவற்றில் ஒரு பங்கு வெப்பநாட்டு மண்ணில் இருக்கும் என எதிர்பார்ப்பது மிகையல்ல. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஊருக்கு ஊர் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், பெரும்பாலான கைகளில் கமரா இருக்கிறது. ஒவ்வொரு பாடசாலையும் தை, மாசியில் தன் சுற்றுப்புறத்து முதிர்ந்த காளான்களை இடம், திகதி, மரம் குறித்துப் படத்தொகுதியாகச் சேர்த்துவந்தால், சில ஆண்டுகளில் இந்தக் கரையோரத்துக்கென ஒரு காளான் பதிவேடு உருவாகும். அதற்குப் பெரிய நிதி வேண்டாம். வாடியதையும் குனிந்து பார்க்கும் பழக்கம் வேண்டும்.