போனக்காட்டு மழை

திருவனந்தபுரம் நகரிலிருந்து கிழக்கே போனால் நெடுமங்காடு வரும். அதைத் தாண்டினால் விதுரா. விதுராவிலிருந்து காட்டுவழியே வளைந்து வளைந்து ஏறும் பாதை ஒரு தேயிலைத் தோட்டத்தில் போய் முடியும். அந்த ஊர்தான் போனக்காடு. அதற்கு மேல் பஸ் போகாது. அதற்கு மேல் அகத்தியர் மலை. அந்த மலையின் உயரம் 1868 மீட்டர்.

போனக்காட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். வீட்டில் பேசுவது தமிழ். பஸ்ஸிலும் ரேஷன் கடையிலும் பேசுவது மலையாளம். அமைதியான ஊர். கடைத்தெரு இல்லை, கூட்டம் இல்லை. இருட்டிவிட்டால் யானைக்கும் காட்டெருமைக்கும் பயந்து ஆட்கள் வெளியே வருவதில்லை. அங்கே சத்தம் போடுவது மழைதான்.

இங்கே ஏன் இவ்வளவு மழை?

கஞ்சி கொதிக்கும் பானையை மூடி வையுங்கள். சிறிது நேரம் கழித்து மூடியைத் தூக்கிப் பாருங்கள். அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கும். பானையிலிருந்து கிளம்பிய ஆவி, மூடியில் பட்டுக் குளிர்ந்து தண்ணீரானது. மலையிலும் இதுதான் நடக்கிறது. அரபிக் கடலில் வெயில் பட்டு நீர் ஆவியாகிறது. காற்று அந்த ஈரத்தைச் சுமந்து வருகிறது. எதிரே மலை நிற்கிறது. காற்றுக்கு வேறு வழியில்லை, மேலே ஏறுகிறது. ஒரு கிலோமீட்டர் உயர்ந்தால் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும். குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஈரத்தைத் தாங்க முடியாது. அது மேகமாகிறது, மழையாகிறது.

மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது அந்தக் காற்றில் ஈரம் குறைந்துவிடுகிறது. அதனால்தான் ஆனி, ஆடியில் போனக்காட்டில் அடைமழை பெய்யும்போது, மலைக்கு அந்தப் பக்கம் திருநெல்வேலிச் சமவெளியில் காற்று மட்டும் வீசுகிறது. ஒரே மலை. இந்தப் பக்கம் குடை, அந்தப் பக்கம் புழுதி.

உலகில் வேறு இடங்களிலும் இப்படி உண்டு. பசிபிக் பெருங்கடலின் நடுவில் ஹவாய்த் தீவுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று காவாய். அதன் நடுவே உள்ள வையலியாலி மலையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதே தீவின் மேற்கு ஓரத்தில் பெய்வது 500 மில்லிமீட்டர் அளவுதான். காற்று வரும் பக்கம் நனைகிறது, மறைவுப் பக்கம் காய்கிறது. அங்கும் தோட்டங்கள் இருந்தன. தேயிலை அல்ல, கரும்பு. ஜப்பானிலிருந்தும் பிலிப்பைன்சிலிருந்தும் கூலிக்கு ஆட்களைக் கப்பலில் கொண்டு வந்தார்கள். பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. ஹவாயின் கடைசிக் கரும்பாலை 2016-இல் நின்றது. தோட்டம் போன பிறகும் வந்தவர்களின் சந்ததி அங்கேயே இருக்கிறது. இந்தக் கதை போனக்காட்டுக்காரர்களுக்குப் புதிதல்ல.

மழைக்கு மலையாளத்தில் இரண்டு பெயர்கள் உண்டு. இடவப்பாதி, துலாவர்ஷம். இடவம் என்பது நம்முடைய வைகாசி. இடவம் பாதி கழிந்ததும், அதாவது ஜூன் தொடக்கத்தில், வருவது இடவப்பாதி. இதுதான் தென்மேற்குப் பருவமழை. இது பெரிதாக இடிக்காது, ஆனால் விடாது. நாள்கணக்கில் மூடம் போட்டுப் பெய்யும். கர்க்கடகம், அதாவது ஆடி முடியும்வரை துணி காயாது, விறகு எரியாது. அட்டைகளுக்குக் கொண்டாட்டம். மலையில் அட்டையாறு என்றே ஓர் ஓடை இருக்கிறது!

துலாம் என்பது ஐப்பசி. துலாவர்ஷம் என்பது வடகிழக்குப் பருவமழை. இதன் குணம் வேறு. காலையில் வெயில் அடிக்கும். மதியத்துக்கு மேல் கருக்கும். மாலையில் இடியும் மின்னலுமாகக் கொட்டும். சித்திரையில் வரும் கோடைமழையும் இப்படித்தான். இந்த இரண்டு காலத்திலும் மின்னலுக்குப் பயப்பட வேண்டும். மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். இடி கேட்க 3 நொடி ஆனால் மின்னல் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. 30 நொடி என்றால் 10 கிலோமீட்டர். முப்பதுக்குள் கேட்டாலே வீட்டுக்குள் போய்விட வேண்டும். மரத்தடியில் ஒதுங்கக் கூடாது.

தேயிலைக்கு மழை வேண்டும், வெயிலும் வேண்டும். கோடைமழை பெய்து வெயில் அடித்தால் செடி துளிர்க்கும். சித்திரை, வைகாசியில் கொழுந்து நிறைய வரும். அடைமழை மாதங்களில் வெயில் இல்லாமல் துளிர் மந்தமாகும். மழை ஓய்ந்து புரட்டாசி, ஐப்பசியில் மறுபடி கொழுந்து ஏறும். தோட்டம் ஓடிய காலத்தில் போனக்காட்டுப் பெண்கள் இந்தக் கணக்கை விரல்நுனியில் வைத்திருந்தார்கள். அதிகக் கொழுந்து எடுத்தால் அதிகக் காசு. ஆகவே மேகத்தைப் பார்த்தே அந்த மாதச் செலவைக் கணக்குப் போடுவார்கள். விடிந்ததும் இடுப்பில் படங்கு, முதுகில் கூடை. இரண்டு இலை, ஒரு மொட்டு. மழையில் நனைந்துகொண்டே நிரை முடிப்பார்கள்.

2000-ஆம் ஆண்டுக்கு முன்பின்னாகத் தோட்டம் நொடிந்தது. சம்பளம் தள்ளிப்போனது, பிறகு நின்றது. ஆலையில் இயந்திரம் ஓடவில்லை. கவாத்து இல்லாமல் தேயிலை மரமாக வளர்ந்தது. பல குடும்பங்கள் இறங்கிப் போயின. சிலர் இருந்துவிட்டார்கள். ஏன் இருந்தார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. வரவேண்டிய சம்பளப் பாக்கியும் பணிக்கொடையும் வராமல் லயத்தை விட்டால் அதையும் இழப்போம் என்ற பயம். போக வேறு வீடும் இல்லை. இதில் புரியாதது ஒன்றுமில்லை.

மழை முன்பு போலவே பெய்கிறது. கூரைதான் முன்பு போல இல்லை.

1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளருக்கு வீடு கட்டிக்கொடுத்துப் பராமரிப்பது முதலாளியின் பொறுப்பு என்றது. 2025-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டத்திலும் வீடு பற்றிய விதி இருக்கிறது. ஆனால் ஓடு உடைந்தால் மாற்றித்தர நிர்வாகமே இல்லாதபோது யாரிடம் போய்ச் சொல்வது? மனுவில் எழுதி, தேதி போட்டு, தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைப்பதுதான் கையில் உள்ள வழி.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 10 அடிக்கு 10 அடி அறையின் மேல் ஒரே நாளில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 450 லிட்டருக்கு மேல் விழும். 15 லிட்டர் குடத்தில் 30 குடம். அதில் பத்தில் ஒரு பங்கு ஒழுகினாலும் 3 குடம் தண்ணீர் படுக்கையில். ரேஷன் அரிசியை எங்கே வைப்பது, பிள்ளையின் புத்தகத்தை எங்கே வைப்பது என்பதே அன்றைய கேள்வி.

50 மில்லிமீட்டர் அந்த மலைக்குப் பெரிய மழையே அல்ல. ரேடியோவிலும் டிவியிலும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை சொல்கிறார்களே, அதன் பொருள் இதுதான். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 வரை எதிர்பார்த்தால் மஞ்சள். 115.6 முதல் 204.4 வரை ஆரஞ்சு. அதற்கும் மேல் சிவப்பு. சிவப்பு என்றால் சரிவின் அடியில் உள்ள லயத்தில் அன்றிரவு படுக்கக் கூடாது.

இது வீண் பயம் அல்ல. 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு, இடுக்கி மாவட்டம் மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்தது. தூங்கிக்கொண்டிருந்த தோட்டத் தொழிலாளர் லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர் இறந்தார்கள். அவர்களும் தமிழ்க் குடும்பங்களே. மழையில் போன் வேலை செய்யவில்லை. மறுநாள் காலையில்தான் வெளியே செய்தி தெரிந்தது.

மலை சரியும் முன் சில நேரம் அறிகுறி காட்டும். தரையில் புது வெடிப்பு தெரியும். நேராக நின்ற மரமோ கம்பமோ சாயும். தெளிவாக ஓடிய ஓடை திடீரென்று சேறாகும், அல்லது மழை பெய்தும் நீர் குறையும். இவற்றில் எதைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பக்கத்து லயத்தையும் எழுப்பிக்கொண்டு பக்கவாட்டில் மேட்டுக்குப் போக வேண்டும். ஓடையோரமாக இறங்கி ஓடக் கூடாது.

மார்கழி பிறந்தால் வானம் வெளுக்கும். தை, மாசியில் மலை காய்ந்திருக்கும். வனத்துறை அனுமதிச் சீட்டுடன் அகத்தியர் மலைக்கு ஆட்கள் நடப்பது அப்போதுதான். அவர்கள் புறப்படும் இடம் போனக்காடு. அந்தச் சில வாரங்கள் ஊரில் புதுமுகங்கள் தெரியும். மூடிக்கிடக்கும் ஆலையின் முன் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். லயத்துப் பாட்டிகள் திண்ணையில் வெயில் காய்ந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த மலைகளில்தான் கரமனை ஆறு பிறக்கிறது. போனக்காட்டுப் பக்கம் பெய்யும் மழை ஓடைகளில் இறங்கி, 1983-இல் கட்டிய பேப்பாறை அணைக்குப் போகிறது. அங்கிருந்து அருவிக்கரை. அருவிக்கரையில் சுத்தம் செய்து குழாயில் விடுகிறார்கள். திருவனந்தபுரம் நகரத்தில் ஒருவர் காலையில் குழாயைத் திறந்து குடம் பிடிக்கும் தண்ணீரில், லயத்துக் கூரையில் விழுந்து வழிந்த மழையும் கலந்திருக்கிறது.