தண்ணீர்க் கிரேனுக்கு இடம் குறிப்பது இஞ்சின்தான்

மாடல் ரயில் பாதை அமைப்பவர்களின் வீடுகளில் ஒரு காட்சியை அடிக்கடி பார்க்கிறேன். நீராவி இஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றும் கிரேன் பிளாட்பாரத்தின் நடுவில், ஸ்டேஷன் கட்டடத்துக்கு எதிரே, பார்ப்பவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் நிற்கும். பாசஞ்சர் வண்டி வந்து நின்றால் அந்தக் கிரேனுக்கு நேரே நிற்பது மூன்றாவது பெட்டி. தண்ணீர் வேண்டிய இஞ்சினோ வெகுதூரம் முன்னால் போய் நிற்கிறது.

நீராவி வண்டிகளைப் பார்க்காத தலைமுறைக்காக இந்தக் கிரேன் என்னவென்று சொல்லிவிடுகிறேன். தரையிலிருந்து எழும் வார்ப்பிரும்புத் தூண் ஒன்று. அதன் உச்சியில், தண்டவாளத்தை நோக்கித் திருப்பக்கூடிய நீண்ட குழாய்க் கை. கையின் நுனியிலிருந்து தொங்கும் தோல் அல்லது கான்வாஸ் குழல். கீழே வால்வைத் திறந்து மூட ஒரு சக்கரம். வேலையில்லாத நேரத்தில் கை தண்டவாளத்துக்கு இணையாகத் திரும்பியிருக்கும். இல்லாவிட்டால் அடுத்து வரும் வண்டியில் இடித்துவிடும். மாடலில் இஞ்சின் இல்லாத பாதையின் மேல் கை நீட்டிக்கொண்டு நிற்கும் கிரேன், ஒரு விபத்துக்குக் காத்திருக்கும் கிரேன்.

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குள் எங்களுக்குப் பாத்திரக் கடை. கடைக்கு மேலே உள்ள அறையின் இரண்டு சுவர்களை ஒட்டிப் பலகை அடித்து, விழுப்புரம் – புதுச்சேரி மீட்டர் கேஜ் பாதையை 1:87 அளவில் கட்டிவருகிறேன். அந்த அளவில் மீட்டர் கேஜ் தண்டவாளங்களுக்கு இடையே 12 மில்லிமீட்டர். உண்மையான பாதை 1879-இல் திறக்கப்பட்டது. நீளம் சுமார் 38 கிலோமீட்டர். இப்போது அது அகலப் பாதை. நீராவியின் அடையாளங்கள் போய்விட்டன. அதனால்தான் ஒவ்வொரு தூணையும் காரணத்தோடு நட வேண்டும் என்று நினைக்கிறேன். காரணமில்லாமல் வைத்த பொருளைப் பார்த்து நம் பிள்ளைகள் எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

கடைக்கு விளக்கு வாங்க வரும் பெரியவர் ஒருவர் மீட்டர் கேஜ் வண்டிகளில் பயர்மேனாக, அதாவது இஞ்சின் நெருப்பைக் கவனிப்பவராக, இருந்தவர். கிரேனை நடுவதற்கு முன்னால் அவரை மாடிக்கு அழைத்துப் போய், “ஐயா, தண்ணிக் குழாய் ஸ்டேஷன்ல எந்த இடத்துல இருக்கும்?” என்று கேட்டேன்.

“ஸ்டேஷன விடு தம்பி. வண்டிய நிறுத்து. டெண்டர் மூடி எங்க நிக்குதோ அதுக்கு நேரா குழாய நடு” என்றார். பிறகு வேலையை விவரித்தார். இஞ்சினுக்குப் பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் சுமந்து வரும் டெண்டரின் மேல் பயர்மேன் ஏறி மூடியைத் திறப்பார். தொங்கும் சங்கிலியைப் பிடித்துக் கையை இழுத்து, குழலை வாய்க்குள் விடுவார். குரல் கொடுத்ததும் கீழே நிற்பவர் சக்கரத்தைத் திருப்புவார். “நிரம்பி வழியறதுக்குள்ள மூடணும். இல்லன்னா மேல நிக்கிறவன் நனைஞ்சிடுவான்.”

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவதெல்லாம் அந்தப் பெரியவர் சொன்ன ஒரு வரிதான். மற்றவை அதன் கணக்கு.

வண்டியை நிறுத்திப் பார்த்து அளக்க வேண்டும்

மீட்டர் கேஜ் பயணி வண்டிகளை இழுத்த ஒய்.பி. வகை இஞ்சின், டெண்டரோடு சேர்த்துச் சுமார் 19 மீட்டர் நீளம். 1:87 அளவில் ஏறக்குறைய 22 சென்டிமீட்டர். தண்ணீர் மூடி டெண்டரின் பின்பகுதியில் இருக்கும். பெட்டிகள் எல்லாம் பிளாட்பாரத்துக்குள் அடங்க வேண்டும் என்பதால் இஞ்சின் பிளாட்பாரத்தின் முனைக்கு வந்துவிடும். புறப்பாட்டு சிக்னல் இருந்தால் அதற்குச் சற்று முன்பாக நிற்கும். ஆகவே கிரேனின் இடம் சிக்னலடி அல்ல. சிக்னலிலிருந்து ஓர் இஞ்சின் நீளம் பின்னால், பிளாட்பாரச் சரிவை ஒட்டி.

ஒற்றைப் பாதையில் இரு திசையிலும் வண்டி வரும். தண்ணீர் பிடிக்கும் ஸ்டேஷன் என்றால் இரு முனையிலும் கிரேன் தேவை. இரண்டு பாதைகளுக்கு இடையே நட்டால் ஒரே கிரேன் இரண்டுக்கும் கை நீட்டும். இஞ்சின் டெண்டரை முன்னால் வைத்து ஓடினால் கணக்கு தலைகீழாகும். மூடி முன்பக்கம் வந்துவிடுவதால் கிரேனும் சிக்னலை நெருங்கி வரும். உங்கள் மாடலில் எந்த வண்டி எந்தப் பக்கம் பார்த்து ஓடும் என்று முடிவு செய்யாமல் பசையைத் தொடாதீர்கள்.

பக்கவாட்டு இடைவெளியும் முக்கியம். மீட்டர் கேஜ் பெட்டியின் அகலம் சுமார் 2.7 மீட்டர்; மாடலில் 31 மில்லிமீட்டர். பாதையின் நடுக்கோட்டிலிருந்து 25 மில்லிமீட்டரில் தூணை நட்டேன், தாராளமாகப் போகிறது. வளைவில் இந்த இடைவெளி போதாது. நீளமான பெட்டி வளையும்போது நடுப்பகுதி உள்பக்கம் ஒதுங்கும், முனைகள் வெளிப்பக்கம் நீளும். முடிந்தவரை கிரேனை நேர்ப் பாதையில் வையுங்கள். எதுவானாலும் உங்களிடம் உள்ள மிக நீளமான பெட்டியைக் கையால் உருட்டிப் பார்த்த பிறகே ஒட்டுங்கள்.

எந்த ஸ்டேஷனுக்குத் தேவையில்லை?

வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் மூன்றும் என் பலகையில் உள்ளன. மூன்றிலும் கிரேன் இல்லை. டெண்டர் கொள்ளும் தண்ணீர் பத்தாயிரம் லிட்டருக்கும் மேல். சமவெளியில் 38 கிலோமீட்டர் ஓட அது தாராளம். கிணறு, பம்ப், தொட்டி, குழாய் எல்லாம் செலவு. தேவையில்லாத இடத்தில் எந்த ரயில்வேயும் அவற்றைக் கட்டாது. கிரேன் இல்லாத மூன்று சின்ன ஸ்டேஷன்கள்தான், இரு முனைகளிலும் இருக்கும் கிரேனுக்கு அர்த்தம் கொடுக்கின்றன.

புதுச்சேரி முனையில் பாதை முடிந்துவிடுகிறது. வண்டி உள்ளே வந்ததும் இஞ்சின் தடுப்புக்கட்டைக்கும் பெட்டிகளுக்கும் நடுவே அடைபட்டு நிற்கும். கழற்றிக்கொண்டு பக்கத்து லூப் லைன் வழியாக மறுமுனைக்குப் போக வேண்டும். அப்படிப் போகிற வழியில் தண்ணீர் பிடித்தால் பிளாட்பாரத்துப் பாதையை அடைத்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. ஆகவே என் மாடலில் கிரேன் அந்த லூப் லைன் ஓரம் நிற்கிறது.

விழுப்புரம் முனை வேறு கதை. 1960-களின் நடுவில் தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரை மீட்டர் கேஜ் பாதை மின்மயமானது. சென்னையிலிருந்து மின்சார இஞ்சின் இழுத்து வந்த வண்டிக்கு இங்கே நீராவி இஞ்சின் மாட்டித் தெற்கே அனுப்பினார்கள். அந்தக் காலத்தைக் காட்டுகிறவர் தென்திசைப் புறப்பாட்டு முனையில் கிரேனை வைக்க வேண்டும். இஞ்சின்களைப் பராமரிக்கும் லோகோ ஷெட்டுக்குள் கிரேனுக்கு இடம் சொல்வது வேலை வரிசை. நிலக்கரி ஏற்றும் மேடை, நெருப்பைக் கிளறிச் சாம்பல் தள்ளும் பள்ளம், தண்ணீர் எல்லாம் அருகருகே இருக்கும். இஞ்சின் சாம்பல் பள்ளத்தில் நேரம் எடுத்து நிற்கும். கொட்டிய தணலை அணைக்கவும் தண்ணீர் வேண்டும். அதனால் பள்ளத்தை ஒட்டிய கிரேன் இயல்பான கிரேன்.

நீலகிரி சொல்லித் தரும் பாடம்

கண்ணால் பார்த்துக் கற்க இன்றும் நமக்கு ஓர் இடம் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து 1899-இல் குன்னூருக்கும் 1908-இல் உதகமண்டலத்துக்கும் ஏறிய நீலகிரி மலை ரயில். 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மேட்டுப்பாளையம் – குன்னூர் பகுதியில் எக்ஸ் வகை நீராவி இஞ்சின் இன்னும் ஏறுகிறது. தூரம் 28 கிலோமீட்டர் அளவுதான். ஆனால் பல்சக்கரப் பாதையில் ஏறக்குறைய பன்னிரண்டு அடிக்கு ஓரடி வரை ஏற்றம். இந்த இஞ்சினுக்கு டெண்டர் கிடையாது. தண்ணீர் அதன் உடலிலேயே உள்ள தொட்டிகளில்தான். அதனால் ஹில்குரோவ், ரன்னிமேடு போன்ற இடங்களில் நின்று குடித்துவிட்டுத்தான் மேலே போகும். புதுச்சேரிப் பாதையைவிடக் குறைந்த தூரத்தில் அதிகத் தண்ணீர் நிறுத்தங்கள். கிலோமீட்டர் மட்டும் கணக்கல்ல. ஏற்றமும் தொட்டியின் கொள்ளளவும் கணக்கு.

இன்னொன்றும் அங்கே தெரியும். இந்தப் பகுதியில் இஞ்சின் எப்போதும் வண்டியின் கீழ்முனையில், மேட்டுப்பாளையம் பக்கம் இருக்கும். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும். இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். ஆகவே மலை ஸ்டேஷனை மாடல் செய்கிறவர், ஏறும் வண்டிக்கான கிரேனை வண்டி போகும் திசையின் முனையில் வைத்தால் அது வெறும் முதல் பெட்டியைத்தான் சந்திக்கும். கீழ்முனையில் வைக்க வேண்டும். சமவெளி விதியை மனப்பாடம் செய்தவருக்கு இது வராது. இஞ்சினைப் பின்தொடர்ந்தவருக்கு வரும்.

தொட்டியும் ஈரமும்

கிரேன் தனியாக வாழாது. உயரத்தில் ஒரு தொட்டி, அதை நிரப்பக் கிணறோ குளமோ ஒரு பம்ப் அறையோ வேண்டும். தொட்டியின் அடிமட்டம் கிரேனின் கையைவிட உயரமாக இருக்க வேண்டும். நான் கையைச் சுமார் 4 மீட்டர் உயரமாக, அதாவது 46 மில்லிமீட்டராக வைத்திருக்கிறேன்; தொட்டி அதற்கும் மேலே தூண்களில் நிற்கிறது. தொட்டி கிரேனுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய அவசியமில்லை. குழாய் தரைக்கடியில் வரும். பலகையில் இடமில்லாதவர்கள் தொட்டியைப் பின்திரையில் ஓவியமாகவே காட்டிவிடலாம்.

வெளிநாட்டு மாடல் பெட்டிகளில் வரும் இரண்டு பொருள்கள் நமக்கு ஒத்துவராது. ஒன்று, அமெரிக்கப் பாதைகளில் தண்டவாளத்தை ஒட்டி நின்று நேரடியாகத் தண்ணீர் இறக்கும் வட்ட மரத்தொட்டி. இன்னொன்று, பிரிட்டிஷ் கிரேனின் காலடியில் வரும் கணப்பு அடுப்பு. அங்கே குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் உறையாமல் காக்க நெருப்பு மூட்டினார்கள். புதுச்சேரிக் கடற்காற்றில் அதற்கு வேலையில்லை.

கிரேனை நான் வாங்கவில்லை. மார்க்கெட்டிலேயே தேடிச் செய்தேன். தூணுக்கு 3 மில்லிமீட்டர் பித்தளைக் குழாய். கைக்கு அதைவிடச் சற்று மெல்லியது. வால்வுச் சக்கரத்துக்குப் பழைய கைக்கடிகாரப் பல்சக்கரம். காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கிடைத்தது. சங்கிலிக்குக் கவரிங் செயின் துண்டு. குழலுக்கு மின்கம்பியின் ரப்பர் உறை. பித்தளையை ஈயப் பற்று வைத்து இணைப்பது எங்கள் தொழிலில் தெரிந்த வேலை.

நட்ட பிறகு ஈரத்தைக் காட்டுங்கள். குழலின் நுனி எங்கே தொங்குமோ அதற்கு நேர் கீழே ஜல்லி கருத்திருக்கும். தூணின் அடியில் தண்ணீர் வடியும் சல்லடை மூடி. உப்புத் தண்ணீர் ஊர் என்றால் தூணில் வெள்ளைப் படிவு. எங்கள் கடலோரத்தில் அதோடு துருவும் சேரும். சற்றுத் தள்ளிக் கொஞ்சம் புல். சொட்டும் தண்ணீருக்குக் குடத்தோடு வந்த ஒரு பெண்ணையும் என் பலகையில் நிறுத்தியிருக்கிறேன்.

இந்தியாவில் மீட்டர் கேஜ் நீராவி 1990-களின் இறுதியோடு ஏறக்குறைய முடிந்தது. அந்த வேலையைச் செய்த கைகள் இன்னும் நம் தெருக்களில் இருக்கின்றன. காய்கறி வாங்க வருகின்றன, பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகின்றன. உங்கள் ஊரில் ஒரு பழைய டிரைவரோ பயர்மேனோ இருந்தால் கிரேனை ஒட்டுவதற்கு முன்னால் வீட்டுக்கு அழையுங்கள். காபி கொடுத்து, இஞ்சினைக் கையில் எடுத்துக் கொடுத்து, எங்கே நிறுத்துவீர்கள் என்று கேளுங்கள். அவர் நிறுத்துகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். கிரேன் அங்கேதான்.