வானத்தில் சுழலும் 'பறவை மேகம்'... மோதிக்காம பறப்பது எப்படி?

சங்கரன்கோவில் வட்டாரத்தில் குளிர்கால மாலைகளில் கரும்புகை போல ஒரு கூட்டம் சுருங்கி, விரிந்து, சட்டென்று திரும்புவதைப் பார்த்திருக்கீங்களா? அவை சூறைக்குருவிகள். சோளக்குருவின்னும் சொல்வாங்க. கிழக்கு ஐரோப்பா, மத்திய ஆசியாவில் இருந்து வலசை வருபவை.

கூட்டத்துக்கு தலைவன் யார்?

யாரும் இல்லை! இதே குடும்பத்தைச் சேர்ந்த ஐரோப்பிய மைனாக்களை இத்தாலியின் ரோம் நகரில் படம்பிடித்து ஆராய்ந்த இயற்பியலாளர்கள், 2008-ல் இதை விளக்கினார்கள். ஒவ்வொரு பறவையும் அருகில் உள்ள 6, 7 பறவைகளை மட்டுமே கவனிக்கிறது. அவை திரும்பினால் தானும் திரும்பும். அந்த அசைவு நொடிகளில் கூட்டம் முழுக்கப் பரவிடும். ஆய்வுக்குழுவில் இருந்த ஜார்ஜோ பாரிசி, 2021-ல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.

எதுக்காக இந்தச் சுழற்சி?

பெரும்பாலும் அடையப் போகும் முன்புதான் இப்படிச் சுற்றும். வல்லூறு பாய்ந்தாலும், எந்தப் பறவையைப் பிடிப்பது என்று குழம்பிவிடும். இதுதான் முக்கிய காரணமாகச் சொல்லப்படுகிறது.

விரட்டலாமா?

சோளக்கதிரைக் கொத்தினால் விவசாயிக்கு நஷ்டம்தான். ஆனால் வெட்டுக்கிளிகளை அள்ளித் தின்பதும் இவைதான். சீனாவின் சின்ஜியாங்கில், பூச்சிமருந்தைக் குறைக்க இவற்றுக்குக் கூடு வைக்க இடமே அமைத்துக் கொடுக்கிறார்கள். கதிர் முற்றும்போது சத்தம் போட்டு விரட்டுங்க. வலையும் விஷமும் வேண்டாம்.