டைமிங் பெல்ட்டின் இறுக்கம்: வீட்டிலேயே சரிபார்ப்பது எப்படி?

விடியற்காலை ஐந்து மணி. பெரட்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இரவெல்லாம் காய்ச்சலில் துவண்ட குழந்தையைக் காரின் பின் இருக்கையில் கிடத்திக்கொண்டு தந்தை மருத்துவமனைக்கு விரைகிறார். தோட்டத்துச் செம்மண் சாலை முடிந்து தார்ச் சாலையை எட்டும் வேளையில், யாதொரு முன்னறிவிப்புமின்றி இயந்திரம் நின்றுவிடுகிறது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட வேகமாகவும் இலேசாகவும் சுழல்கிறது. ஆனால் இயந்திரம் உயிர்பெறவில்லை. பெட்ரோல் இருக்கிறது. பேட்டரியும் நன்றாகவே இருக்கிறது. அறுந்திருப்பது மூடிக்குள் மறைந்து கிடக்கும் ஒரு பல்பட்டை. அதுவே டைமிங் பெல்ட் எனப்படுவது.

இந்நிலையில் மீண்டும் மீண்டும் சாவியைத் திருப்புவது பெருந்தவறு. ஏன் என்பதை அறிய, இந்தப் பட்டை என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

இயந்திரத்தின் அடியில் கிராங்க் தண்டு சுழல்கிறது. அதனுடன் இணைந்த பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓடுகின்றன. இயந்திரத்தின் தலைப்பகுதியில் கேம் தண்டு சுழன்று, காற்றும் பெட்ரோலும் உள்ளே வருவதற்கும் புகை வெளியேறுவதற்கும் உரிய வால்வுகளைத் திறந்து மூடுகிறது. கிராங்க் தண்டு இரு முறை சுற்றினால் கேம் தண்டு ஒரு முறை சுற்ற வேண்டும். இவ்விரண்டையும் ஒரே தாளத்தில் கட்டி வைத்திருப்பது டைமிங் பெல்ட். தாளம் தவறினால், மேலெழும் பிஸ்டன் திறந்து நிற்கும் வால்வின்மீது மோதும். எல்லா இயந்திரங்களிலும் இவ்வாறு நேர்வதில்லை. ஆயினும் பலவற்றில் நேரும். அப்போது வால்வுகள் வளையும். சிலிண்டர் தலையைக் கழற்றிப் பழுது பார்க்க வேண்டிவரும். ஒரு பெல்ட்டின் விலை எங்கே, அந்தச் செலவு எங்கே!

கார்களில் இத்தகைய ரப்பர்ப் பட்டை முதன்முதலாகப் பெருமளவில் பொருத்தப்பட்டது 1962ஆம் ஆண்டில், ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனம் வெளியிட்ட 1004 என்னும் சிறு காரில். அதற்கு முன்னர்ச் சங்கிலியோ பற்சக்கரமோதான் அவ்வேலையைச் செய்துவந்தது. நம் நாட்டில் 1985ஆம் ஆண்டு ஜூலையில் வெளிவந்த புரோட்டோன் சாகா, மிட்சுபிஷியின் 4ஜி13 இயந்திரத்தோடு வந்தது. பின்னர் 4ஜி15 சேர்ந்தது. இவ்விரண்டிலும் பெல்ட்டே உண்டு. இஸ்வாராவிலும், வீராவின் 1.3, 1.5 வகைகளிலும் இதே குடும்பத்து இயந்திரங்கள்தாம். பெரோடுவா கஞ்சிலிலும் பெல்ட் உண்டு, மைவியில் சங்கிலி. பழைய சாகாவையோ இஸ்வாராவையோ இரண்டாம் கையாகவோ மூன்றாம் கையாகவோ வாங்கி ஓட்டுவோரை மனத்திற்கொண்டே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

பால்மரம் வெட்டும் நம் வாசகர்களுக்கு ஒரு செய்தி. இந்த ரப்பர்ப் பட்டையில் நம் மரத்து ரப்பர் இல்லை. இயற்கை ரப்பருக்கு மீள்தன்மை மிகுதி. அதனால்தான் டயர்களிலும், இயந்திரத்தைத் தாங்கும் ரப்பர்த் தாங்கிகளிலும் அது இடம்பெறுகிறது. ஆனால் எண்ணெய் பட்டால் அது ஊதிப் பெருத்து வலுவிழக்கும். ஆதலால் டைமிங் பெல்ட்டைக் குளோரோப்பிரீன் என்னும் செயற்கை ரப்பரால் செய்தார்கள். பிற்காலத்தில் வெப்பத்தை இன்னும் நன்றாகத் தாங்கும் வேறொரு செயற்கை ரப்பர் வந்தது. உள்ளே கண்ணாடி இழைக் கயிறுகள் ஓடுகின்றன. அவை எளிதில் நீளமாட்டா. எண்ணெய் பட்டால் இந்தச் செயற்கை ரப்பரும் நாளடைவில் கெடவே செய்யும்.

இந்தக் கண்ணாடி இழைச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பெல்ட் நீளாது என்றால், ஓடிக்கொண்டிருந்த பெல்ட் ஏன் தளர்கிறது? பற்கள் தேய்ந்திருக்கலாம், இறுக்குச் சக்கரத்தின் சுருள்வில் சோர்ந்திருக்கலாம், அதன் பேரிங் கெட்டிருக்கலாம், ஆணி தளர்ந்திருக்கலாம். ஆகவே பழைய பெல்ட் தளர்ந்திருக்கக் கண்டால், அதை இறுக்கிவிட்டு நிம்மதியாக உறங்கப் போவது அறிவுடைமையாகாது. காரணத்தைக் கண்டறிய வேண்டும். பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதே தெரியவில்லையாயின், இறுக்கம் பார்க்கும் வேலையையே விட்டுவிட்டுப் புதியது போட்டுவிடலாம்.

வெளியே தெரியும் மற்றொரு பெல்ட்டை இதனோடு குழப்பிக்கொள்வோர் பலர். ஆல்டர்னேட்டரையும் தண்ணீர்ப் பம்பையும் சுழற்றும் அந்த வெளிப் பெல்ட் தளர்ந்தால் 'கீச்' என்று கத்தும். அதை இறுக்குவது எளிது. விரலால் அழுத்தினால் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் அமுங்கினால் போதும். டைமிங் பெல்ட்டுக்குப் பற்கள் இருப்பதால் அது வழுக்கிக் கத்துவதில்லை. தளர்ந்தால் மூடியின் உட்புறத்தில் அடிபட்டுத் தட்டும் ஓசை எழலாம். மிகையாக இறுகினால் ஊளையிடுவது போன்ற ஓசை கேட்கும். பெரும்பாலும் ஓசையே இராது என்பதுதான் இதன் ஆபத்து.

இறுக்கம் என்பது உளி வைப்பதைப் போன்றது. ஆழம் குறைந்தால் பால் குறையும். மிகுந்தால் மரத்தில் காயம் படும். பெல்ட் தளர்ந்தால் ஒரு பல் தாவி இயந்திரத்தின் தாளம் கெடும். மிகையாக இறுகினால் இறுக்குச் சக்கரத்தின் பேரிங்கும் பெல்ட்டின் பற்களும் விரைவில் தேயும்.

இனிச் செய்முறையைப் பார்ப்போம். இயந்திரம் முற்றிலும் குளிர்ந்திருக்க வேண்டும். முதல்நாள் மாலை நிறுத்திய காரை மறுநாள் காலையில் தொடுவதே நல்லது. சமதரையில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை இழுத்து, பின் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றுங்கள். முன்பக்கத்தை உயர்த்த நேர்ந்தால், தாங்கி நிறுத்தாமல் வெறும் ஜேக்கை நம்பி அடியில் கைவிடுவது உயிருக்கு உலை வைப்பதாகும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் இயந்திரத்தைக் கையால் சுழற்றுவது எளிதாகும். பிறகு வெளிப் பெல்ட்டையும் மேல் மூடியையும் கழற்றுங்கள். கீழ் மூடியைக் கழற்ற, கிராங்க் தண்டின் புல்லியை எடுக்க வேண்டியிருக்கும். அதன் ஆணி மிக இறுக்கமானது. தக்க கருவி இல்லாதவர்கள் இவ்விடத்திலேயே நின்றுவிடுவது நலம்.

பெல்ட் கண்ணுக்குத் தெரிந்ததும், இறுக்கத்தைப் பார்க்குமுன் அதன் உடலைப் பாருங்கள். விரிசல், நூல் பிரிதல், பல் உதிர்தல், எண்ணெய்ப் பளபளப்பு ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் அந்தப் பெல்ட்டின் காலம் முடிந்துவிட்டது. எண்ணெய் எனில், கசியும் சீலையும் மாற்றாமல் புதுப் பெல்ட் போடுவது வீண். தோட்டச் சாலைகளில் ஓடும் கார்களில் மூடி உடைந்து சேறு புகுந்திருப்பதும் உண்டு, அதையும் கவனியுங்கள்.

அடுத்து, கிராங்க் தண்டின் ஆணியில் சாக்கெட்டைப் பொருத்தி, கடிகார முள் சுற்றும் திசையில் மட்டுமே சுழற்றி, கேம் சக்கரத்தின் அடையாளத்தையும் கிராங்க் சக்கரத்தின் அடையாளத்தையும் அவற்றிற்குரிய குறிகளுக்கு நேராகக் கொண்டுவாருங்கள். திசை மாற்றிச் சுழற்றினால் தளர்வு வேறு பக்கம் போய்ப் பெல்ட் பல் தாவக்கூடும். குறியைத் தாண்டிவிட்டீர்களா? பின்னால் திருப்பாமல் மறுபடியும் முழுச் சுற்றுச் சுற்றி வாருங்கள்.

இறுக்குச் சக்கரத்திற்கு இரண்டு ஆணிகள். ஒன்று நீள்துளையில் இருப்பது. மற்றொன்று சக்கரம் அசைவதற்கு அச்சாக இருப்பது. இரண்டையும் சிறிதளவு தளர்த்துங்கள். சுருள்வில் தானாகவே சக்கரத்தைத் தள்ளிப் பெல்ட்டை இறுக்கும். கையாலோ நெம்புகோலாலோ உதவி செய்யாதீர்கள். பெரும்பாலோர் பிழை செய்வது இங்கேதான். இப்போது கேம் சக்கரம் இரண்டு மூன்று பற்கள் நகரும் அளவுக்குக் கிராங்க் தண்டை மெல்லச் சுழற்றுங்கள். வால்வுச் சுருள்வில்கள் கேம் தண்டை எதிர்த்துப் பிடிப்பதால் பெல்ட்டின் இழுபக்கம் விறைத்து, எஞ்சிய தளர்வு முழுவதும் இறுக்குச் சக்கரத்தின் பக்கம் சேரும். அந்நிலையில் நீள்துளை ஆணியை முதலில் முடுக்க வேண்டும்; அச்சு ஆணியை அதன் பிறகே முடுக்க வேண்டும். வரிசை மாறினால் சக்கரமும் கூடவே திரும்பிப் பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கிவிடும்.

சரிபார்க்கும் முறை இது: பெல்ட்டின் இழுபக்கத்தையும் இறுக்குச் சக்கரத்தையும் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே பிடித்து, சுமார் 5 கிலோ விசையுடன் அழுத்துங்கள். பெல்ட்டின் பல்நுனி, சக்கரத்தைப் பிணைக்கும் ஆணித்தலையின் அகலத்தில் கால் பங்குவரை வந்தால் இறுக்கம் சரி. 5 கிலோ விசை எவ்வளவு என்று தெரியாதவர்கள் சமையலறைத் தராசின்மீது விரலால் அழுத்திப் பழகிக்கொள்ளலாம். இந்த அளவு மேற்சொன்ன மிட்சுபிஷி இயந்திரக் குடும்பத்திற்கு உரியது. பெல்ட்டைக் கால்திருப்பு முறுக்கிப் பார்க்கும் வழக்கம் சில இயந்திரங்களுக்குப் பொருந்தும். எல்லாவற்றுக்கும் அதையே அளவுகோலாகக் கொள்ளலாகாது. வேறு கார் வைத்திருப்போர் அதற்குரிய கையேட்டைப் பார்க்க வேண்டும்.

முடிந்ததும் உடனே சாவியைத் தேடாதீர்கள். கிராங்க் தண்டைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, அடையாளங்கள் மீண்டும் நேராக நிற்கின்றனவா என்று பாருங்கள். இடையில் ஏதேனும் முட்டுவது போலத் தோன்றினால் அங்கேயே நிறுத்துங்கள். பிஸ்டன் வால்வைத் தொடுகிறது என்று பொருள். வலிந்து சுழற்றினால் கையாலேயே வால்வை வளைத்துவிட முடியும். ஒரு பல் வேறுபாடு கூட ஏற்கத்தக்கதன்று.

இவ்வளவும் படித்த பிறகு "இது நம்மால் ஆகாது" என்று ஒருவர் முடிவு செய்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பட்டறைக்குச் செல்கிறவருக்கும் இந்த அறிவு பயன்படும்: பழைய பெல்ட்டைக் கையில் கேட்டு வாங்கலாம், இறுக்குச் சக்கரத்தின் பேரிங்கைச் சுழற்றிப் பார்த்தாரா, சீல்கள் கசிகின்றனவா என்று விவரமறிந்து வினவலாம்.

பல கார்களில் 80,000 கிலோமீட்டருக்கும் 100,000 கிலோமீட்டருக்கும் இடையே டைமிங் பெல்ட்டை மாற்றும்படி கூறப்படுகிறது. ஓட்டம் குறைவாக இருந்தாலும் ஆண்டுகள் செல்லச் செல்ல ரப்பர் முதுமையடையும். பழைய கார் வாங்கும்போது "மாற்றியாகிவிட்டது" என்னும் வாய்ச்சொல் போதாது, இரசீது கேளுங்கள். நீங்கள் மாற்றினால், தேதியையும் கிலோமீட்டர் அளவையும் ஒரு தாளில் எழுதி, மேலே ஒளிபுகும் ஒட்டுத்தாளை ஒட்டி, முன்மூடியின் உட்புறத்தில் பதித்து வையுங்கள். உங்களுக்குப் பின் அந்தக் காரை ஓட்டப்போகும் மகனுக்கோ மருமகனுக்கோ அது உதவும்.