ஒரு ஸ்ரீ, இரண்டு எண்

திருச்சி மாணவி ஒருத்தி முதன்முதலாக எழுதிய வெப் ஆப் அது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவர் எந்த இடத்துக்கு எப்படிப் போகலாம் என்று காட்டும். மலைக்கோட்டையைத் தொட்டால் திறக்கிறது. உறையூர், கல்லணை, திருவானைக்காவல் எல்லாமே திறக்கின்றன. ஸ்ரீரங்கத்தைத் தொட்டால் மட்டும் 404! 21 கோபுரங்களோடு நிற்கிற ஊர். 1987-ல் கட்டி முடித்த ராஜகோபுரம் மலைக்கோட்டை உச்சியிலிருந்தே தெரியும். அப்படிப்பட்ட ஊரை "இல்லை" என்கிறது சர்வர்!

வாருங்கள், உள்ளே எட்டிப் பார்க்கலாம்.

லேப்டாப்பில் திறந்து சர்வரில் திறக்காத இணைப்பு என்றால் முதல் சந்தேகம் ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மேல்தான். அந்த வித்தியாசத்தை லேப்டாப்பின் விண்டோஸ் கண்டுகொள்ளாது, சர்வரின் லினக்ஸ் விடாது. அடுத்த சந்தேகம், முகவரியின் தொடக்கத்தில் விட்டுப்போன சாய்கோடு. இங்கே இரண்டும் சரியாகவே இருந்தன. அப்புறம்தான் வேடிக்கை ஆரம்பம்!

முகவரிப் பட்டையில் நமக்குத் தெரிவது தமிழ். சர்வருக்குப் போவதோ வேறு. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறி, இரண்டு எழுத்து என்று விரியும். 'ஸ்ரீரங்கம்' என்ற பெயரில் புள்ளியும் ஈகாரக் குறியும் சேர்த்துப் பத்துக் குறிகள். ஆக, 90 எழுத்து நீளத்துக்கு ஒரு சரம்! இணைப்பிலிருந்த பெயரையும் தரவுத்தளத்திலிருந்த பெயரையும் இப்படி விரித்து மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தால், 89 இடங்கள் அச்சு அசலாக ஒன்று. ஒன்பதாவது இடத்தில் மேலே 8, கீழே 6!

காரணம் ஸ்ரீதான். அதை 'ஸ'வில் தொடங்கியும் தட்டச்சலாம், 'ஶ'வில் தொடங்கியும் தட்டச்சலாம். இந்த ஶ, 2005-ல் யூனிகோட் 4.1-ல் சேர்ந்த எழுத்து. இதோ இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்: ஸ்ரீ, ஶ்ரீ. பல எழுத்துருக்களில் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொற்கள். கம்ப்யூட்டரைத் தமிழில் எழுதிக் காட்டிய சுஜாதா வளர்ந்த ஊரின் பெயரிலேயே இப்படியொரு புதிர் என்று நினைக்கும்போது எனக்குச் சிலிர்க்கிறது.

யூனிகோடின் வழக்கமான சீராக்கமும் இங்கே உதவாது. 'கொ'வின் கொம்பும் காலும் தனித்தனியாக வந்தால் அது சேர்த்துவிடும். இந்த இரண்டு ஸ்ரீயையும் தொடவே தொடாது. ஆகவே அவளே ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதினாள்: ஶ்ரீ வந்தால் ஸ்ரீயாக மாற்று. பெயரைச் சேமிக்கும்போதும் அதுவே ஓடும், தேடும்போதும் அதுவே ஓடும். யார் எந்தக் கீபோர்டில் தட்டினாலும், பழைய இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாலும் இனிப் பக்கம் திறக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரையும் ஸ்ரீவைகுண்டத்தையும் ஸ்ரீபெரும்புதூரையும் அவள் நாளைக்கே சேர்க்கலாம். இன்னொரு வரிகூட எழுத வேண்டாம்!