பகலில் பைல்... ராத்திரியில் பாட்டு! சம்பள வேலைதான் ஆல்பத்துக்குக் காவல்

நெல்லை:
பகல் முழுக்க ஆபீஸ் பைல் அல்லது கடைக் கல்லா. ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் காதில் ஹெட்போன், முன்னால் மைக். சினிமா சான்சுக்குக் காத்திராமல், சொந்தமாகப் பாட்டெழுதி, மெட்டுப் போட்டு, ஆல்பமாக வெளியிட ஆசைப்படும் இளைஞர்கள் தாமிரபரணிக் கரையில் உண்டு. அவர்களுக்கு வீட்டில் கிடைப்பது ஒரே கேள்விதான்: "பாட்டு சோறு போடுமாலே?"

பாட்டு உடனே சோறு போடாது. ஆனால் சோறு போடும் வேலை பாட்டைக் காப்பாற்றும். இதற்குச் சாட்சி நம்ம ஊரிலேயே உண்டு.

வில்லும் சினிமாவும்

நெல்லையை அடுத்த சத்திரம் புதுக்குளத்தில் 1928-ல் பிறந்தவர் வில்லிசை வேந்தர் சுப்பு ஆறுமுகம். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் இவரைச் சென்னைக்கு அழைத்துச் சென்றார். கலைவாணருக்கும் பிறகு நாகேஷுக்கும் சினிமாவில் நகைச்சுவைப் பகுதிகள் எழுதினார். அது பிழைப்பு. ஆனால் வில்லை அவர் கீழே வைக்கவே இல்லை. 2021-ல் பத்மஸ்ரீ விருது தேடி வந்தது வில்லுப்பாட்டுக்காகத்தான். 2022 அக்டோபரில் காலமானார்.

விளம்பரக் காசில் ஸ்டூடியோ

ஏ.ஆர்.ரகுமான் கதையும் இப்படித்தான். 1976-ல் தந்தை ஆர்.கே.சேகர் இறந்தபோது வயது 9. சின்ன வயதிலேயே மற்றவர்களின் இசைக்குழுக்களில் கீபோர்டு வாசித்தார். பிறகு விளம்பரப் படங்களுக்கு இசையமைத்தார். 1989-ல் சென்னை கோடம்பாக்கத்தில் வீட்டை ஒட்டியே பஞ்சதன் ஸ்டூடியோ எழுந்தது. மால்குடி சுபா பாடிய 'செட் மீ ப்ரீ' என்ற ஆங்கில ஆல்பம் அந்த விளம்பரக் காலத்து வேலை. அது அப்போது பெரிதாக விற்கவில்லை. ஆனாலும் அடுப்பு அணையவில்லை. விளம்பர வேலை கையில் இருந்தது. 1992-ல் 'ரோஜா' வந்தது.

ராத்திரி வேலையில் சிக்கல்

இன்று ஒரு கம்ப்யூட்டரும் நல்ல மைக்கும் இருந்தால் வீட்டிலேயே பதிவு செய்யலாம். பேன் சத்தத்தை நிறுத்தலாம். தெருச் சத்தத்தை என்ன செய்வது? பஸ் ஹார்ன் அடங்க ராத்திரி ஆகும். ஊரில் கோயில் கொடை என்றால் விடிய விடிய ஸ்பீக்கர்தான். அந்த நாளில் பாட்டெழுதலாம், மெட்டைத் திருத்தலாம். குரல் பதிவு வேண்டாம். சென்னை ஸ்டூடியோ வேண்டுமென்றால் வெள்ளி ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி, ஞாயிறு ராத்திரி திரும்புவதுதான் வழி.

அரசு ஊழியர் கவனிக்க!

தபால், வருமான வரி போன்ற மத்திய அரசு ஆபீஸ்களில் இருப்போருக்கு 1964-ம் ஆண்டு நடத்தை விதிகள் உண்டு. அதன் 15-வது விதிப்படி, எப்போதாவது செய்யும் கலைப் பணிக்கு முன் அனுமதி தேவையில்லை. ஆபீஸ் வேலை மட்டும் கெடக்கூடாது. வெளியாருக்குப் பாடிக் கொடுத்துப் பணம் வாங்குவது என்றால் அனுமதி கட்டாயம். மாநில அரசு ஊழியர்களுக்கு 1973-ம் ஆண்டு விதிகள் தனி. அவற்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டு இறங்குவதே நல்லது.

கையெழுத்து போடும் முன்...

முக்கிய விஷயம் இனிதான். 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, பதிவுக்கு முயற்சியும் பொறுப்பும் எடுக்கும் தயாரிப்பாளருக்கே பதிவின் உரிமை. சொந்தச் சம்பளத்தில் பதிவு செய்தால் அந்தத் தயாரிப்பாளர் நீங்களே! பாதுகாப்பு 60 ஆண்டு. கம்பெனி செலவில், கம்பெனி பொறுப்பில் செய்தால் பதிவு கம்பெனிக்குப் போய்விடும்.

உரிமையை எழுதிக் கொடுப்பதானால் காலக்கெடுவைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். பாட்டெழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் உரிய ராயல்டி பங்கை அப்படியே எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்கிறது 2012-ல் வந்த திருத்தம்.

கையில் காசில்லாதவன் காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவான். ஒண்ணாம் தேதி சம்பளம் வருகிறவன், "படிச்சுப் பாத்துட்டு நாளைக்குச் சொல்லுதேன் அண்ணாச்சி" என்று எழுந்து வரலாம். ஆல்பம் ஆறு மாதம் தள்ளிப் போகும். பாட்டு கைவிட்டுப் போகாது!