ஒரு கண் மட்டும் சிவந்தால்...

ஒரு கண் சிவந்து வருவோரிடம் நாங்கள் முதலில் கேட்பவை இரண்டு கேள்விகள்: வலி இருக்கிறதா? பார்வை மங்கியிருக்கிறதா?

இரண்டும் இல்லாமல், வெண்விழியில் இரத்தம் திட்டாகப் படர்ந்திருந்தால் பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை. கடும் இருமலாலோ தும்மலாலோ நுண்ணிய இரத்தக்குழாய் வெடித்து ஏற்படும் இக்கசிவு, ஏறத்தாழ 2 வாரங்களில் தானே மறையும். எனினும், இரத்த அழுத்தத்தைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. உறுத்தலும் பீளையும் இருப்பின் அது ‘மெட்ராஸ் ஐ’ ஆகலாம். ஓரிரு நாள்களில் மறு கண்ணுக்கும் பரவக்கூடும். அடிக்கடி கை கழுவுதலும் தனித் துண்டும் அவசியம்.

வலியோ, மங்கலோ, வெளிச்சத்தில் கூச்சமோ இருந்தால் அன்றே கண் மருத்துவரைக் காண வேண்டும். நெல் உமி போன்றவை பட்டு உண்டாகும் கருவிழிப்புண், கண்ணின் உட்புற அழற்சி, திடீரென உயரும் கண் நீர் அழுத்தம் ஆகிய மூன்றும் பார்வையைப் பறிக்கவல்லவை. தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் ஆகியன அழுத்த உயர்வின் அறிகுறிகள், இரவானாலும் காத்திருக்கலாகாது.

உட்புற அழற்சியைத் தணிக்கும் அதே ஸ்டீராய்டு சொட்டு மருந்து, கிருமித்தொற்றால் வந்த கருவிழிப்புண்ணை மேலும் ஆழப்படுத்திவிடக்கூடும். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒரே சிவப்புதான்; கருவியால் உருப்பெருக்கிப் பார்த்த பின்னரே வேறுபாடு புலப்படும். ஆகவே, வீட்டில் எஞ்சிய மருந்தையோ, அண்டை வீட்டார் தந்ததையோ, தாய்ப்பாலையோ கண்ணில் விடாதீர்கள். காண்டாக்ட் லென்ஸ் அணிந்திருந்தால் உடனே கழற்றிவிடுங்கள். ஏற்கெனவே ஏதேனும் மருந்து விட்டிருந்தால், தயங்காமல் அந்தப் புட்டியையும் கொண்டுவாருங்கள். சிகிச்சையைத் தீர்மானிக்க அது எங்களுக்குப் பெரிதும் உதவும்.